ஒரு மாதத்துக்குள்

“மச்சாள், என்னை ஒருக்கா கைது செய்.”

வெல்லாவெளியிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் காலை பஸ்ஸில் இப்படி ஒரு வேண்டுகோளை நான் கேட்டதேயில்லை. முன் சீட்டில் இரண்டு பெண்கள் சட்டப் புத்தகத்தை விரித்துவைத்துச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டது அவர்களில் ஒருத்தி. மற்றவள் அவளுடைய தோளைத் தொட்டாள்.

“சரி, செய்திட்டன்.”

“காரணம் சொல்லல்லயே. தொட்டா மட்டும் காணாது. அரசியலமைப்பில பதின்மூண்டாம் உறுப்புரை.”

பக்கத்துச் சீட்டில் மரக்கறிப் பையோடு இருந்த அம்மா அவர்கள் பக்கம் திரும்பினார்.

“காரணம் சொல்லாமப் பிடிச்சா என்ன மனே செய்யிறது?”

“அடிப்படை உரிமை மீறல் எண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் அம்மா.”

“எங்களப் போல ஆக்களும் போகலாமா?”

“ஓம். ஆனா ஒரு மாசத்துக்குள்ள போக வேணும்.”

“பிடிச்ச நாளில இருந்தா?”

“ஓம் அம்மா.”

அவர் பையைக் காலடியில் இறக்கி வைத்தார்.

“எங்கட மூத்தவனைக் கொண்டு போகக்குள்ள ஒருத்தரும் காரணம் சொல்லல்ல. அந்த ஒரு மாசமும் நான் ஆமிக் காம்ப் வாசல்லதானே மனே நிண்டன்.”