சாட்சி பாட்டில்

…நாலு டிகிரி காட்டுதுன்னா என்ன மெக்கானிக் அண்ணே, காட்டறதெல்லாம் உண்மையா? எங்க வீட்டு எடை மிஷின்கூடத்தான் என்னை அறுபது கிலோன்னு காட்டுது! நல்லா உள்ள கையை விட்டுப் பாருங்க. கோளாறு இந்த ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு. இருந்தே ஆகணும். இல்லன்னா இன்னைக்கு நாலு மணியோட என் சம்பந்திக்கு வேலை போயிடும்!

இருங்க இருங்க… சென்ட் போட்டிருக்கீங்களா? கிட்ட வாங்க… ம், வேர்வைதான். பரவாயில்ல, வேர்வை உடம்புக்கு நல்லது. தப்பா நினைக்காதீங்க, இந்த சாம்பிள் ரூமுக்குள்ள யார் வந்தாலும் மோந்து பாத்துதான் விடுவேன். பதினாறு வருஷமா என் பொறுப்பு. போன மாசம் மேனேஜரையே வாசல்ல நிறுத்திட்டேன்! ஷேவிங் லோஷன் கமகமன்னு… "மேடம், நான் மேனேஜர்"ங்கறாரு. இருக்கட்டுமே, மூஞ்சியைக் கழுவிட்டு வாங்கன்னுட்டேன்.

இந்த பாட்டில்ல இருக்கறது ஏதோ செடி நடற மண்ணுன்னு நினைச்சுடாதீங்க. பழைய பெயின்ட் குடோன் இருந்த இடத்து மண்ணு. அங்க வீடு கட்டப் போறாங்க, உள்ள தின்னர், பெட்ரோல்னு ஏதாவது ஊறிக் கிடக்கான்னு பாக்கணும். அந்தச் சனியன் இருக்கே, திறந்து வெச்சா பறந்துடும். தோண்டின கையோட கண்ணாடி பாட்டில்ல போட்டு, இறுக்கி மூடி, ஐஸ் பெட்டியில கொண்டு வந்து, இங்க குளிர்ல வெச்சு, பதினாலு நாளுக்குள்ள டெஸ்ட் பண்ணிடணும். உள்ள இருக்கறது வெளிய போகக் கூடாது, வெளிய இருக்கறது உள்ள வரக் கூடாது. மாடியில இருக்கற மிஷினுக்கு அப்படி ஒரு மூக்கு! ஒரு லாரித் தண்ணியில ஒரு சொட்டு தின்னர் விழுந்தாலும் கண்டுபிடிச்சிடும்.

அதோ பச்சை மூடி… ஆங், அதேதான். அதுல மண்ணே இல்ல, சுத்தத் தண்ணி. நான் அதுக்கு சாட்சி பாட்டில்னு பேரு வெச்சிருக்கேன். மத்ததுங்ககூடவே வண்டியில போகும், வரும், ஃப்ரிட்ஜ்ல உக்காரும். ஒரு வேலையும் கிடையாது, பொண்ணு பாக்கப் போறப்போ கூட வர்ற பெரியப்பா மாதிரி! ஆனா அதுல ஏதாவது வாடை வந்துச்சுன்னா, அது மண்ணோடது இல்ல, நடுவுல எங்கயோ புகுந்ததுன்னு அர்த்தம். மொத்த சாம்பிளும் குப்பைக்கு.

அதுதாண்ணே நடந்துச்சு! போன வாரம் அந்த மிஷினைப் பாத்துக்கற பொண்ணு, நம்ம மிஷின் மேடம், மாடியிலேர்ந்து இறங்கி வந்தா. "அக்கா, சாட்சி பாட்டில்ல டொலுயீன்"னா. அந்தத் தின்னர்ல அடிக்குமே, மண்டையைப் பிடிக்கற வாடை, அது! நாப்பது பாட்டிலும் போச்சு. திரும்பத் தோண்டணும். மேனேஜர் வந்து "யார் பண்ணது?"ன்னு கத்தறாரு, எல்லாரும் என்னையே பாக்கறாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! என் ரூமையா சந்தேகப்படறீங்க? பெட்ரோல்லயும் அந்த டொலுயீன் இருக்கே! ரிஜிஸ்டரை இழுத்து எழுதிட்டேன். "டிரைவர், சாம்பிள் பெட்டியை வண்டியில வெச்சுக்கிட்டே பெட்ரோல் போட்டார்."

போட்டாரான்னா… வண்டி பின்ன தண்ணியிலயா ஓடுது? போட்டிருப்பாருன்னு நினைச்சேன். ஆனா "நினைக்கிறேன்"னு எழுதல. "போட்டார்"னு எழுதிட்டேன்.

அந்த டிரைவர்தான் என் சம்பந்தி. அவர் பொண்ணைத்தான் என் பையனுக்குக் கட்டியிருக்கு. தங்கமான மனுஷன். பொண்ணைக் குடுத்தவர்ங்கற மரியாதையில, என்னை எங்க பாத்தாலும் எழுந்து நிப்பாரு. உக்காருங்க சம்பந்தின்னா உக்கார மாட்டாரு. இவ்வளவு ஆனப்புறமும், இன்னைக்குக் காலையில வராந்தா பெஞ்சில உக்காந்திருந்தவர் என்னைப் பாத்ததும் எழுந்து நிக்கறாரு! நாலு அறை விட்டிருந்தாக்கூடத் தாங்கிக்குவேன்.

வீட்டுல மருமகளாவது திட்டலாம் இல்ல? திட்ட மாட்டேங்கறா. "அத்தை, காபி." "அத்தை, சாப்பாடு." அவ்வளவுதான். முன்னாடியெல்லாம் வாய் மூட மாட்டா. எனக்கு வாய்ச்ச மருமகளாச்சே! ஒரு வாரமா வீடு பரீட்சை ஹால் மாதிரி இருக்குண்ணே.

நேத்து மிஷின் மேடம் இன்னொண்ணு சொன்னா. பெட்ரோல்னா டொலுயீன் தனியா வராதாம், அண்ணன் தம்பி நாலு பேரோடதான் வருமாம். இது ஒத்தையா வந்திருக்காம். அப்ப பெட்ரோல் இல்லன்னுதானே ஆச்சு? மேனேஜர்கிட்ட ஓடினேன். "எழுத்துல இருக்கறது இருக்கறதுதான். வேற காரணம் காட்டுங்க, நாலு மணிக்குள்ள"ங்கறாரு. அதான் உங்களைக் கூப்பிட்டேன். இந்தக் கதவு ரப்பரோ, பின்னாடி ஓடற கேஸோ, ஏதோ ஒண்ணு. நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா…

பாத்து, செருப்பை மிதிக்காதீங்க! வார் பிஞ்சு தொங்குது, பத்து நாளா இழுத்துக்கிட்டே நடக்கறேன். ஒட்டலாம்னா கம் ட்யூபை எவனோ அடிச்சிட்டான். இந்த ஆபீஸ்ல எதை வெச்சாலும் கால் முளைச்சிடும்! பாதி ட்யூப் இருந்துச்சு. மூடி எங்கயோ உருண்டு போச்சுன்னு, ட்யூப் வாயில என் ஊக்கைக் குத்தி, பத்திரமா எடுத்து வெச்சேன். பத்திரமா வெச்சா எது கிடைச்சிருக்கு? இந்த ஃப்ரிட்ஜையே எடுத்துக்கங்க. சோத்து டப்பா, தயிர், எலுமிச்சம்பழம்… ஒண்ணு விடாம எடுத்து எறிஞ்சிருக்கேன். சாம்பிளைத் தவிர ஒரு துரும்பு உள்ள போகக் கூடாதுன்னு நானே கதவுல எழுதி ஒட்டியிருக்கேன் பாருங்க. என்ன அழகா ஒட்டியிருக்கேன், ஒரு ஓரம்கூடப் பிரியல. அந்தக் கம்லதான் ஒட்டினேன். நல்ல கம்முண்ணே, ஆனா வெளிய வெச்சா காஞ்சு கல்லாயிடும், மூடி வேற இல்லையா, அதனாலதான் நான் குளிர்ச்சியா…

குளிர்ச்சியா…

அண்ணே. அந்தக் கீழ்த் தட்டைக் கொஞ்சம் வெளிய இழுங்க. இன்னும். அதுக்குப் பின்னாடி என்ன மஞ்சளா…

ஐயையோ, கம் ட்யூப்! மோந்து பாருங்க, அதே மண்டையைப் பிடிக்கற வாடை!

ஊக்கு என்னுதுதான்.

சிரிக்காதீங்கண்ணே! சரி, சிரிங்க. நானா இருந்தா உருண்டு பொரண்டு சிரிச்சிருப்பேன். வேலியே பயிரை மேஞ்ச கதையாப் போச்சே! ஊர்ல இருக்கறவன் மூஞ்சியை எல்லாம் மோந்து பாத்தேன், என் கையை மோந்து பாக்கலையே! கதவுல ஒட்டிட்டு, அதே கையோட கதவைத் திறந்து உள்ள வெச்சிருக்கேன்!

அண்ணே… இப்படிப் பண்ணா என்ன? ட்யூபை நீங்க பாக்கல, நானும் பாக்கல. ஃப்ரிட்ஜ் கோளாறுன்னு ஒரே ஒரு வரி. சம்பந்திக்கும் வேலை தப்பிக்கும், எனக்கும் மானம் தப்பிக்கும்… என்ன எழுதறீங்க? குடுங்க பாக்கலாம். "ஃப்ரிட்ஜ் நன்றாக உள்ளது." நல்ல கையெழுத்து. அதுக்குக் கீழ அடிக்கோடு வேறயா!

சரிதான். ஃப்ரிட்ஜ் கெட்டுப்போச்சுன்னு பொய் எழுதி, அதையும் யாராவது என்னோட "போட்டார்" மாதிரியே நம்பி… வேணாம். ஒரு தடவை எழுதினதே போதும்.

மணி என்ன? மூணு அம்பதா! எங்க என் ரிஜிஸ்டர்? இதே பக்கத்துல, அதே வரிக்குக் கீழ… "கம் ட்யூபை ஃப்ரிட்ஜில் வைத்தது நான்தான்." எழுதிட்டேன். இந்தத் தடவை கண்ணால பாத்து எழுதியிருக்கேன். அண்ணே, போறதுக்கு முன்னாடி இந்தச் செருப்புல ஒரே ஒரு சொட்டு மட்டும்… ஐயோ, இல்ல இல்ல, இந்த ரூம்ல வேணாம்! வெளிய போய்… அண்ணே? அண்ணே! போயிட்டாரா? ஸ்பேனரைக்கூட விட்டுட்டு ஓடிட்டாரே, நான் என்ன அவ்வளவா பேசறேன்?

போகட்டும். வெறுங்காலோடவே போறேன்.

…சம்பந்தி! எழுந்திரிக்காதீங்க. சொன்னாக் கேளுங்க, உக்காருங்க. மேனேஜர் கூப்பிடறதுக்கு முன்னாடி நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இல்ல, நான் உக்கார மாட்டேன். இன்னைக்கு நீங்க உக்காருங்க, நான் நிக்கறேன்.