எழும்பி நிண்ட மனுசன்

"படு! படு!"

ஆமி பீரங்கியாலை செல் குத்திற சத்தம் கேக்குது. தூரத்திலை, சாக்கு மூட்டையை நிலத்திலை போட்ட மாதிரி. டொம். பேந்து ஒண்டுமில்லை. கூவிக்கொண்டு வந்தால் செல் எங்களைத் தாண்டிப் போகுது. கூவாமல் வந்தால் எங்களுக்கு. பங்கர் இல்லை. கடற்கரை மணல், வெட்ட வெட்டச் சரியுது. நான் குப்புறக் கிடக்கிறன். பக்கத்திலை மாமி. மாமியின்ர கைக்குள்ளை கபிலன், என்ர மகன், எட்டு வயது.

கூவேல்லை.

மண் கொட்டினது. காது அடைச்சுப் போச்சு. தலையைத் தூக்கினன். மாமி இல்லை. மாமி கிடந்த இடம் இருந்தது. கபிலன் இருந்தான், கண்ணைத் திறந்துகொண்டு, மூச்சில்லாமல். "கபில்! டேய் கபில்!" எண்டு இவர் கத்தினார். இவர் எண்டால் என்ர மனுசன், யோகன். இடது காலிலை ரத்தம் ஓடினது. அது அவருக்குத் தெரியேல்லை. செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் கடைசி.

பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரி ஆக்கி வைச்சிருந்தவை. கட்டில் இல்லை. பாய். அந்தப் பாய்க்கும் சனம் காத்துக் கிடந்தது. மயக்க மருந்து முடிஞ்சு போச்சு. அங்கை எங்களுக்கு ஒரு சட்டம். ஒருத்தரும் எழுதி ஒட்டேல்லை, எல்லாருக்கும் தெரியும். டொக்டர் கிட்ட வந்தால் எழும்பக்கூடிய ஆள் எழும்ப வேணும். "எனக்குப் பறவாயில்லை, இவரைப் பாருங்கோ" எண்டு சொல்லிப் பாயை விட வேணும். கத்திறது வெக்கம். கால் போனவனே பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடக்கேக்கை உனக்கு என்ன கத்தல்?

இவர் எழும்பினார். காலிலை மூண்டு விரல் இல்லை. சுவரைப் பிடிச்சுக்கொண்டு எழும்பி, வயித்திலை காயப்பட்ட ஒரு பெடியனுக்குப் பாயைக் குடுத்தார். நாங்கள் வெளியிலை வேப்பமரத்தடிக்குப் போனம். டொம். கூவேல்லை. அந்த அறை போச்சு. பெடியனும் போனான்.

இடம் விட்டதாலை தப்பின மனுசன். அதை அவர் ஒருநாளும் மறக்கேல்லை.

இப்ப பெங்களூர். படகு, முகாம், பிறகு வேலை தேடி இஞ்சை. கன வருசம். ஜீவனஹள்ளியிலை ஒரு அறையும் குசினியும். இவர் ரிச்சர்ட்ஸ் டவுனிலை ஒரு அப்பார்ட்மெண்டிலை வாட்ச்மேன். நாங்கள் கதைக்கிற தமிழைக் கேட்டிட்டு இஞ்சத்தைத் தமிழாக்கள் "நீங்க மலையாளியா?" எண்டு கேப்பினம். இவர் சிரிச்சிட்டு ஓம் எண்டிடுவார். சண்டை பிடிக்கிறது நான்தான்.

அண்டைக்கு விடிய இவர் தேத்தண்ணி குடிக்கேல்லை. வயித்தைப் பிடிச்சுக்கொண்டு படியிலை இருக்கிறார். என்ன செய்யுது எண்டு கேட்டால் ஒண்டுமில்லை. மத்தியானம் முகம் சாம்பல் நிறம். சட்டை முழுக்க வேர்வை. போதும் உங்கட ஒண்டுமில்லை எண்டு பேசிப்போட்டு நான் ஆட்டோ பிடிச்சன்.

ஆஸ்பத்திரியின்ர பேர் வேண்டாம். எமர்ஜென்சி வார்டு. தள்ளுவண்டிச் சில்லு கிறீச்சிடுது. மிஷின் விட்டுவிட்டுக் கத்துது. ஒரு கட்டிலிலை இவரைப் படுக்க வைச்சினம். நர்ஸ் தமிழ்ப் பிள்ளைதான். ஒரு அட்டையை நீட்டினாள். அதிலை வரிசையா மூஞ்சி. முதல் மூஞ்சி சிரிக்குது. கடைசி மூஞ்சி அழுது.

"அங்கிள், வலி எவ்ளோ இருக்குன்னு இதுல காட்டுங்க."

இவர் ரெண்டாவது மூஞ்சியைத் தொட்டார். என்ர கடவுளே! எனக்கு உடன விளங்கினது. அழுற மூஞ்சி கால் போன ஆக்களுக்கு. இவர் அவையை நேரை பாத்தவர். அட்டையிலை அந்த மூஞ்சியளைக் கீறினவன் எங்கை பாத்திருக்கப் போறான்?

நான் சொன்னன். "பிள்ளை, இவர் நோகுது எண்டு வாய் திறக்காத மனுசன். அதை நம்பாதையுங்கோ." அவள் சிரிச்சாள். "ஆம்பளைங்க அப்படித்தான் ஆன்ட்டி. பேஷண்ட் காட்டுறதைத்தான் நாங்க எழுதணும்." எழுதினாள்.

திரைச்சீலை சர்ர் எண்டு இழுபடுது. டொக்டர் வாறார். சின்ன வயசு, கன்னடக்காரர். பின்னாலை தள்ளுவண்டியிலை ஒரு பெடியன், மோட்டர்சைக்கிளிலை அடிபட்டு, முகம் எல்லாம் ரத்தம். கட்டில் இல்லாமல் வழியிலை நிக்குது. இவர் அவனைப் பாத்தார். டொக்டரைப் பாத்தார். கட்டில் கம்பியைப் பிடிச்சார்.

"இஞ்சேருங்கோ! படுங்கோ! படுங்கோ!"

கத்தினன். இவர் எழும்பி நிண்டார். கையைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து. "எனக்குப் பறவாயில்லை டொக்டர். அந்தப் பிள்ளையைப் பாருங்கோ."

டொக்டருக்குச் சந்தோசம். "எழுந்து நிக்கறாரே! வயித்துல காஸ் இருக்கும். இஞ்செக்‌ஷன் போட்டு வெளிய உக்கார வைங்க சிஸ்டர், பெட் வேணும்." நான் குறுக்கை போய் நிண்டன். "ஆன்ட்டி, வெயிட் மாடி," எண்டு பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டிப்போட்டுப் போயிட்டார்.

வெளியிலை இரும்புக் கதிரை வரிசை. இவரும் நானும் இருக்கிறம். அப்ப ஒரு குடும்பம் வந்தது. பத்துப் பேர். மேசையிலை அடிச்சினம். தம்பிக்கு நெஞ்சுவலி எண்டு கன்னடத்திலை கூச்சல், அழுகை, ஒருத்தன் போனிலை ஆரையோ கூப்பிடுறான். அந்தத் தம்பி நடந்துதான் வந்தான். உடன உள்ளை கொண்டு போச்சினம். இஞ்சத்தைச் சட்டம் இதுதான். கத்தினால்தான் நோகுது எண்டு நம்புவினம். பெத்ததுகள், கூடப்பிறந்ததுகள் எல்லாம் சேந்து கத்த வேணும். எங்களுக்கு ஆர் இருக்கினம் கத்த? ஒரு மனுசி. நான் ரெண்டு தரம் மேசைக்குப் போனன். ரெண்டு தரமும் வெயிட் பண்ணச் சொல்லிச்சினம்.

ஒரு வயசான மனுசி தடியோடை வந்தா. கதிரை இல்லை. இவர் எழும்பினார்.

டொம்.

சாக்கு மூட்டையை நிலத்திலை போட்ட மாதிரி. இவர் கூவேல்லை.

அதுக்குப் பிறகு எல்லாரும் ஓடினவை. டொக்டர் ஓடினார், நர்ஸ் ஓடினாள், நாங்கள் கேட்ட கட்டிலும் வந்தது. குடல் ஓட்டையாகிக் கன நேரமாச்சாம். கிருமி வயிறு முழுக்கப் பரவிட்டுதாம், காப்பாத்த ஏலேல்லையாம். இந்த வலியோடை எந்த மனுசனும் நிக்க ஏலாது எண்டு டொக்டர் சொன்னார். எனக்குச் சொன்னார்! நிண்டவரை அவர்தானே பாத்தவர்?

நர்ஸ் பிள்ளை என்ர தோளைப் பிடிச்சாள். "நீங்க கத்தி கலாட்டா பண்ணியிருக்கணும் ஆன்ட்டி. அவர் அமைதியா இருந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்?" கோதாரி விழுவாள்! நான் சொன்னது அவளின்ர காதிலை விழேல்லையோ? அவளை அடிக்கோணும் போலை கிடந்தது. பிறகு ஆறுதல் சொல்லவெண்டே ஒரு அம்மா வந்தா. அதுக்குத்தான் அவவுக்கு அங்கை வேலை. நான் அழாமல் இருக்கிறதைப் பாத்திட்டு நல்லாத் தாங்கிறீங்க எண்டா. கண் துடைக்கக் கையிலை ஒரு கடதாசித் துண்டைத் தந்திட்டுப் போயிட்டா. நானும் அட்டையிலை ரெண்டாவது மூஞ்சிதான் போலை.

மறக்கவேண்டாம். கணக்குச் சொல்லுறன்.

அங்கை போனது மாமி. புதைக்க உடம்பில்லை. கபிலன். மணலிலை புதைச்சம், இடம் தெரியாது. இவரின்ர காலிலை மூண்டு விரல். பாயிலை கிடந்த பெடியன், பேர் கேக்கேல்லை.

இஞ்சை போனது இவர். செல் விழேல்லை.

தப்பினது ஒருத்தன். இவர் விட்ட கட்டிலிலை அந்த மோட்டர்சைக்கிள் பெடியனைப் போட்டவை. பிழைச்சிட்டான் எண்டு நர்ஸ் வந்து சொன்னாள், எனக்கு ஆறுதலா இருக்குமெண்டு. எனக்குச் சந்தோசம் வரேல்லை. பொய் சொல்லமாட்டன்.