ஹைட்ரஜன் தின்னும் உயிர்கள்

ஆரல்வாய்மொழிப் பேருந்தில் என் முன் இருக்கையில் ஐம்பதைத் தாண்டிய இரண்டு நண்பர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நான் துபாய் போனா அதுகளுக்கு யாரு தீனி போடுவா?" என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

"ஆடா, மாடா?"

"கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரு வே. எங்க சாணி கேஸ் பிளாண்டுல தொட்டி நெறைய கெடக்கு."

"அது என்னத்த திங்கும்?"

"நல்ல காத்தடிச்சா காத்தாலை கரண்டு மிஞ்சும்லா. அத வச்சு தண்ணியில இருந்து ஹைட்ரஜன் எடுத்துக் குடுப்போம். சாணி கேஸ்ல எரியாத கரியமில வாயுவும் கெடக்கும். ரெண்டையும் தின்னுட்டு எரியுத கேஸா ஆக்கித் தந்திரும்."

"வேற ஆளு இல்லியா?"

"ரெண்டு பேரு இருக்காவ."

"பொறவென்ன? மக ஆசையா கூப்பிடுகா, போயிட்டு வாரும்."

ஜன்னலோரம் இருந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"போனா, அவ அம்ம சாவுகப்ப என்ன சொன்னான்னு மக கேப்பா. அன்னைக்கு நல்ல காத்து. கரண்டு வீணாப் போவும்னு நான் பிளாண்டுலயே நின்னுட்டேன். வீட்டுல அவ தனியாத்தான் கெடந்தா."

நண்பர் மெதுவாகக் கேட்டார். "இத மககிட்ட சொல்லலியா?"

"சொன்னா பொறவு கூப்பிட மாட்டா."