பேர் சொல்லாத மனு

— கண்டக்டரு பத்து நிமிசம்னு சொன்னாப்லன்னு நம்பிறாதீங்க. புதுச்சத்திரத்துல பஞ்சர் ஆச்சுன்னா ஒரு மணி நேரமாவது ஆகுமுங்க. அதுக்குள்ள ஒரு மனு எழுதிறலாம்.

— பேனா இருக்கும்மா. யாருக்கு மனு?

— மெட்ராசு ஐகோர்ட்டுக்குங்க. எங்க ஊட்டுக்காரரு சேலம் செயில்ல இருக்கறாரு. பாத்துட்டுத்தான் வாரேன். ஏழு வருசம் போட்டாங்க, ரெண்டு முடிஞ்சுது.

— அடடா… என்ன குத்தம்?

— ஒண்ணுமில்லீங்க.

— ஒண்ணுமில்லாமலா ஏழு வருசம்?

— அதத்தானுங்க மனுவுல எழுதோணும்.

— சரி, சொல்லு. நான் பாட்டுக்கு எழுதறேன்.

— எலச்சன் முடிஞ்ச மறுநாளு எங்கூர் நெல்லுக் கிடங்கு எரிஞ்சுதுங்க. எங்க ஊட்டுக்காரரு தோத்த கட்சிக்குக் கொடி கட்டுனவரு. புடிச்சுட்டுப் போயிட்டாங்க. தீ வெச்சது செயிச்ச கட்சிச் சேர்மனோட மச்சினன். காவக்காரரு சின்னான் கண்ணால பாத்துப் போலீசுல சொன்னாரு. அவுங்களும் எழுதி வாங்கிக்கிட்டாங்க.

— …அப்புறம்?

— அந்தத் தாளு கோர்ட்டுக்கே வரலீங்க. அப்படியொரு தாளே கெடையாதுன்னு சர்க்கார் வக்கீலு சொல்லிப்போட்டாரு. சின்னானும் போன தை மாசம் போய்ச் சேந்துட்டாரு. இனி அதச் சொல்றதுக்கு அந்த வக்கீல உட்டா ஆளில்லீங்க.

— அவர் எப்படிப்பட்ட ஆளு?

— கண்ணாடி போட்ட மனுசன். ரொம்பச் சுத்தமாப் பேசுனாரு. பொய்யை அவ்வளவு சுத்தமா ஆரும் பேசி நாங் கேட்டதில்லீங்க… ஏனுங்க, நிறுத்திட்டீங்க?

— மை… மை வரல.

— உதறிப் பாருங்க.

— ஏம்மா, அந்த வக்கீல் பக்கமும் கொஞ்சம் நினைச்சுப் பாரு. மேலிடத்துல இருந்து ஆள் வந்திருக்கும். தாளை வெளிய எடுத்தா நாளைக்கு உனக்கு உத்தியோகம் இல்லைன்னு சொல்லியிருப்பான். அவருக்கும் மூணு பொண்ணுங்க இருக்கலாம்…

— இருக்கட்டுங்க, நல்லா இருக்கட்டும். மூணுக்கும் கண்ணாலம் ஆயிருச்சுங்களா?

— எனக்கு எப்படித் தெரியும்?

— அதுவுஞ் செரிதான்.

— …ஜெயில்ல பேசிக்கிட்டிருக்க விடறாங்களா?

— கால் மணி நேரமுங்க. கேக்கறதுக்கு நூறு வெச்சிருப்பேன். அவுரைக் கம்பிக்கு அந்தப் பக்கம் பாத்ததும் எல்லாம் மறந்துபோயிருது. எருமை கன்னு போட்டதச் சொல்லிட்டு வந்துருவேன். இன்னைக்கும் அதேதான். "போன மாசமே சொன்னியே"ன்னு சிரிக்கறாரு.

— ம்…

— ஒலை வெச்சா இன்னமும் ரெண்டு பேருக்குத்தான் கை அரிசி அள்ளுதுங்க. மிச்சத்தத் தின்னு தின்னு நாய் பெருத்துக் கெடக்குது. அவுரு கொறட்டைய எத்தன திட்டியிருப்பேன்… இப்ப அது இல்லாம கண்ணு மூட மாட்டேங்குது. இதையும் எழுதுனா ஐகோர்ட்டு சட்சு சிரிப்பாருங்களா?

— சிரிக்க மாட்டார்.

— அப்ப எழுதுங்க. ஆசையா இருக்குது, கம்பி இல்லாம அவுரைப் பாக்கோணும்னு எழுதுங்க.

— எழுதிட்டேன். கீழ கைநாட்டு வை.

— மொதல்ல படிச்சுக் காட்டுங்க.

— "வெண்ணந்தூர் தங்கமுத்து மனைவி சென்னம்மாள் பணிவுடன் எழுதிக்கொண்டது…"

— நில்லுங்க. அவுரு பேரு எப்படிங்க அதுல வந்துது?

— நீதானேம்மா சொன்னே.

— கட்டுன புருசம்பேர நாஞ் சொல்லுவனுங்களா? பதனாறு வருசத்துல ஒருக்காக் கூடச் சொன்னதில்ல. ஊரு பேரும் சொல்லல, எம் பேரும் சொல்லல.

— டயர் மாட்டிட்டாங்களான்னு பாத்துட்டு வந்துடறேன்.

— மாட்டிட்டாங்க. பஸ்சு கெளம்பிரும். சொல்லிப்போட்டுப் போங்க.

— அந்தத் தாள் என்கிட்டதாம்மா இருக்கு. அந்த வக்கீல் நான்தான். தோமினிக். சர்க்கார் வக்கீல்னா தனக்கு எதிரான தாளையும் கோர்ட்டுல எடுத்து நீட்டணும். நான் பயந்துட்டேன். கிழிச்சுப் போடவும் தைரியம் வரல, வேதபுத்தகத்துக்குள்ள வெச்சிருக்கேன். ரெண்டு வருசமா கோயிலுக்குப் போறேன், இந்தப் பாவத்தோட நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போக முடியல. அங்க எல்லாரும் வரிசையில நிக்கறப்ப எனக்கும் ஏக்கமாத்தான் இருக்கு… நான் யாருன்னு தெரிஞ்சிருந்தா என் பக்கத்துல வந்து உட்கார்ந்திருப்பியா நீ?

— தெரிஞ்சுதானுங்க உக்காந்தேன். கேசு நடந்த பதினோரு நாளும் கோர்ட்டுல உங்களுக்குப் பின்னாலதான் நின்னேன், நீங்கதான் ஒருக்காக் கூடத் திரும்பிப் பாக்கல. வெள்ளிக்கிழமையானா நாமக்கல் கோர்ட்டுக்கு இந்த பஸ்சுல போறீங்கன்னு விசாரிச்சு, நானும் ஏறறது இது அஞ்சாவது வெள்ளிக்கிழமைங்க. பஞ்சர் மட்டுந்தான் தானா ஆச்சு. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ, மனு எழுத எனக்கே தெரியும். ஆனா அந்தத் தாளு இருக்குதுன்னு உங்க கையால எழுதி, உங்க கையெழுத்தோட போனாத்தான் அவுரு ஊடு வந்து சேருவாரு… போடுங்க சாமி.