பதினோரு அங்குலம்

– சிவப்பு வேணாம்ண்ணே. வீடு வீடாப் போய் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுக்கறவ நான். காலையில நாலு மணி நேரம் அதையேதான் பாத்துட்டு இருக்கேன். கார் சக்கரத்துலயும் அதே கலரா?

– அட, பத்துக்கு ஒன்பது பேர் சிவப்புதான்மா கேப்பாங்க. சரி, விடுங்க. மஞ்சள் இருக்கு, நீலம் இருக்கு, வெள்ளி இருக்கு. கறுப்பு அடிச்சா அடிச்ச மாதிரியே தெரியாது. சூடு தாங்கற பெயின்ட்ல எங்கிட்ட இருக்கறது இவ்வளவுதான்.

– இந்தத் துணிக் கலர்ல வருமா?

– எங்க, வெளிச்சத்துல காட்டுங்க. கத்தரிப்பூ கலர். குழந்தைங்க கவுன் துணி மாதிரில்ல இருக்கு?

– கவுனோட ஓரம்தான். உள்பக்கம் மடிச்சுத் தைச்சிருந்த இடத்தை வெட்டிக் குடுத்தார். வெயில் படாத இடம், கலர் மங்கியிருக்காதுன்னார்.

– யாரு, வீட்டுக்காரரா?

– இல்லண்ணே. ஒரு தையல்காரர்.

– அப்படியா. சரி, நீங்க முதல்ல இங்க வந்து இதைப் பாருங்கம்மா, சக்கரத்தைக் கழட்டிட்டேன். பளபளன்னு இந்தத் தட்டு இருக்கே, இது சக்கரத்தோட சேர்ந்து சுத்தறது. அதை ரெண்டு பக்கமும் நண்டு மாதிரி கவ்வி நிக்குதே, இதான் காலிப்பர். நாம அடிக்கப் போறது இதுலதான். இவ்வளவு பெரிய வண்டி ஓடறப்ப பிடிச்சு நிறுத்தறது இந்தக் கையகல இரும்பும், மத்த மூணு சக்கரத்துல இருக்கற இதோட கூடப்பொறந்ததும்தான். ஓட்டம் பூரா சூடா மாறி இதுக்குள்ளதான் இறங்கும். அதான் சாதாரண பெயின்ட் நிக்காது.

– தொடலாமா?

– தாராளமா. ஆறித்தான் கிடக்கு. என்னம்மா, குழந்தை கன்னத்தைத் தடவற மாதிரி தடவறீங்க? கையெல்லாம் கரி.

– இருக்கட்டும். இது இத்தனூண்டு இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல.

– தப்பா நினைக்காதீங்க. தையல்காரருக்கும் காலிப்பருக்கும் என்னம்மா சம்பந்தம்?

– நாலு மாசம் முன்னாடி ஒரு காலையில, ஒரு வீட்டுல ரத்தம் எடுத்துட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டு இருக்கேன். அவர் கடை ரோட்டை ஒட்டின மாதிரி இருக்கும். வாசல்ல நின்னு யாருக்கோ கோட்டுக் கை அளந்துட்டு இருந்திருக்கார். அவருக்கு ஒரே பொண்ணு, ஆறு வயசு. வாண்டுன்னுதான் கூப்பிடுவார். அப்பா தைச்ச புதுக் கவுனை எதிர்க்கடையில காட்டணும்னு ஒரே ஓட்டம். என் வண்டிக்குக் குறுக்க வந்துட்டா. வண்டி நின்னுடுச்சு.

– ரொம்பப் பக்கத்துலயா?

– பதினோரு அங்குலம்.

– அதென்ன, அவ்வளவு துல்லியமா?

– அளந்தார்ண்ணே. டேப்பு கழுத்துலயே கிடந்துச்சு. குழந்தையைத் தூக்கல, அழல, என்னைத் திட்டக்கூட இல்ல. ரோட்டுல மண்டி போட்டு, பம்பருக்கும் அவ கவுனுக்கும் நடுவுல டேப்பை வெச்சு அளந்தார். ரெண்டு தடவை. ஏன் அப்படிச் செஞ்சீங்கன்னு பின்னாடி ஒரு நாள் கேட்டேன். அவ முழுசா நிக்கறதைக் கண்ணு சொல்லுச்சாம், மனசு நம்பலையாம். இத்தனை வருஷமா எது சந்தேகம்னாலும் டேப்பைத்தானே எடுத்திருக்கார், கை தானா போச்சாம். அப்புறம்தான் அவளைத் தூக்கினார். தூக்கின கையோட ரோட்டுலயே உக்காந்துட்டார்.

– மேல சொல்லுங்கம்மா.

– அதோட என் பொழப்பு நின்னுச்சு. கையெல்லாம் நடுக்கம். நான் ஊசி போட்டா கொசு கடிச்ச மாதிரிகூடத் தெரியாதுன்னு பேரு. அந்த வாரம் ஒரு பெரியவருக்கு மூணு இடத்துல குத்தியும் நரம்பு கிடைக்கல. லேபுல லீவு போடுன்னுட்டாங்க. வண்டியைத் துணி போட்டு மூடிட்டு வீட்டுல உக்காந்துட்டேன். எங்கேயோ விலாசம் விசாரிச்சு அந்தத் தையல்காரர் வந்து நிக்கறார், நன்றி சொல்ல. தண்ணி கொண்டு போறேன், தட்டுல டம்ளர் கடகடங்குது. டம்ளரைப் பாத்தார், என் கையைப் பாத்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல சுருட்டி மேஜை மேல நீட்டிட்டு, எடுங்கன்னார்.

– ரத்தமா?

– ஆமா. எதுக்குங்கன்னேன். 'கத்துக்கிட்டப்ப யார் கையிலயாவது குத்தித்தானே கத்துக்கிட்டிருப்பீங்க. எனக்கு விரல் பூரா ஊசி குத்தின தழும்பு. நீங்க குத்தறது ஒரு குத்தா'ன்னார்.

– எடுத்தீங்களா?

– அன்னைக்கு முடியல. மறுநாளும் வந்தார், அதுக்கு மறுநாளும் வந்தார். ஒரு கை நீலம் பாஞ்சுதுன்னா இன்னொரு கையை நீட்டுவார். ஆறாவது நாள் ஒரே குத்துல கிடைச்சுது. அவர் சிரிக்கல, பாராட்டல. 'அடுத்து வண்டி'ன்னார்.

– லேசுப்பட்ட ஆளில்ல போலிருக்கே.

– கடை திறக்கறதுக்கு முன்னாடி வந்து பக்கத்து சீட்டுல உக்காருவார். முதல்ல தெருமுனை வரைக்கும், அப்புறம் மார்க்கெட் வரைக்கும். அவருக்கு ஓட்டவே தெரியாது, ஒரு யோசனையும் சொல்ல மாட்டார். மடியில எதையாவது வெச்சு பட்டன் தைச்சுட்டே வருவார். நான் பயந்து பயந்து திருப்பறப்பக்கூட ஊசி நிக்காது. ஒரு நாள் பின் கதவைத் திறந்து வாண்டையும் ஏத்திட்டார். எனக்கு உசுரே போயிடுச்சு. 'இவளை உங்களை நம்பித்தான் ஏத்தறேன்'ன்னார். பள்ளிக்கூடம் வரைக்கும் ஓட்டினேன். போன வேகத்துக்குப் பின்னாடி சைக்கிள்காரன் மணி அடிக்கிறான்.

– அப்பேர்ப்பட்ட மனுஷன் குடுத்த துணியா இது. இருங்க. சிவப்பும் நீலமும் ஒரே கம்பெனி டப்பாதான், கலந்தா ஒட்டும். பழைய காலிப்பர் ஒண்ணுல அடிச்சு, சூடு காட்டி, கலர் ஓடுதான்னு பாத்துடுவோம். இந்தாங்க, துணியைப் பக்கத்துல வைங்க.

– சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குண்ணே.

– இன்னும் ரெண்டு சொட்டு நீலம். இப்போ?

– இப்போ... துணியைக் காணோமே.

– உங்க விரலுக்குக் கீழேயேதான் இருக்கு. அப்படி ஒத்துப்போயிடுச்சு. சூட்டுலயும் மாறல பாருங்க. போதுமா?

– போதும்ண்ணே. இதேதான்.

– ஒண்ணு சொல்றேன். முப்பது வருஷமா இதைக் கழட்டி மாட்டறேன். பிசுக்குப் பிடிச்ச இரும்புன்னுதான் பாத்திருக்கேன். இன்னைக்கு இதைத் தொடறப்ப கை கூசுது. ஆனா இரும்பு இரும்புதான்மா. கண்ணு பாத்து, கால் போயி மிதிக்குதே ஒரு அரை நொடி, அது உங்களோடது. சரியாப் பாத்தா உங்க காலுக்குத்தான் பெயின்ட் அடிக்கணும்.

– அவரும் அதையேதான் சொல்றார். கடைக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, இவங்க காலுதான் என் பொண்ணைக் காப்பாத்துச்சுன்னு. நான் வாயைத் திறந்தா, தன்னடக்கம்னு நினைச்சுக்கறார்.

– பின்னே, பொய்யா?

– முன் கண்ணாடிக்கு மேல கேமரா மாதிரி ஒண்ணு இருக்கே, அது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணே?

– தெரியாம என்ன. குறுக்க யாராவது வந்து, ஓட்டறவங்க கவனிக்கலன்னா, வண்டி தானே பிரேக் போட்டுக்கும். புது வண்டியில எல்லாம் வருதே. அது எதுக்கும்மா இப்போ?

– சாயங்காலம் வாண்டைக் கூட்டிட்டு அவர் கலரைப் பாக்க வருவார். அவர்கிட்ட சொல்லிடப் போறேன். முதல்ல உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கறேன்.

– என்னன்னு?

– அன்னைக்கு நான் மடியில கிடந்த விலாசச் சீட்டைப் படிச்சுட்டு இருந்தேன். நிமிர்ந்து பாத்தப்ப வண்டி நின்னுட்டு இருந்துச்சு.