படு என்று படித்தவர், பாடு என்று படித்த மாலை

அன்பால் அவையை ஆளும் தலைவர் முத்துகிருஷ்ணன் ஐயா அவர்களே! அறிவால் எங்களை வழிநடத்தும் பெரியோர்களே! மிளகாய்க்காட்டுக் களைப்பை மறைத்து முகம் மலர அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அபிராமத்துப் பக்கம் ஒரு சிற்றூரில், பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தும் உமாமகேஸ்வரியின் வணக்கம்.

வருகைப் பதிவேட்டில் இருபது பெயர். எதிரே ஒரே முகம். செவ்வந்தி! மிளகாய் பறித்த விரல் எரிய எரியப் பென்சில் பிடித்தவர். எதற்காக வந்தார்? பட்டத்துக்கா? பதவிக்கா? அவருடைய கணவர் நாகேந்திரனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. உயிர் மீண்டது, குரல் மீளவில்லை. எட்டாவது படித்தவர் ஆதலால் நோட்டில் எழுதி நீட்டுவார். எழுத்தறியாத மனைவி, அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்வார். மனைவிக்கு எழுதியதை ஊரே படித்தால், ஒரு மனிதர் எதைத்தான் எழுதுவார்? கஞ்சி, வெந்நீர். அதற்குமேல் எழுதுவதையே விட்டுவிட்டார். ஒரே கூரை, இரண்டு தனிமை!

செவ்வந்தி அக்கா குறில் வரை கற்ற நாளில், கணவர் ஒரே ஒரு சொல் எழுதி நீட்டினார். இவர் 'படு' என்று படித்தார். பாயை விரித்தார், படுத்துவிட்டார். பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவள்தான்.

மறுநாள் நோட்டோடு வந்தார். "டீச்சர், படுன்னாரு, படுத்தேன். மனுசன் மொகத்தத் திருப்பிக்கிட்டாரே!"

பார்த்தேன். பகரத்தின் பக்கத்திலே ஒரு துணைக்கால்!

"அக்கா, கால் இல்லன்னா ஒரு சொடுக்கு, ப. கால் இருந்தா ரெண்டு சொடுக்கு நேரம், பா. இப்பப் படிங்க."

சொடுக்கினார். மீண்டும் சொடுக்கினார். "பா... டு."

விரல் அந்தரத்தில் நின்றது. "நாத்து நடயில நான் பாடுனதக் கேட்டுத்தான் டீச்சர், என்னையப் பொண்ணு கேட்டு வந்தாரு."

நோட்டைக்கூட எடுக்காமல் எழுந்து நடந்தார். ஆளில்லாத அறையில் நான் மட்டும் இருந்தேன். சற்று நேரத்தில் கீழத்தெருவிலிருந்து, நடுங்கி நடுங்கி, ஒரு நடவுப்பாட்டு எழுந்தது.

தை பிறக்கும் முன்னே நாகேந்திரன் கண்மூடினார். காரியம் முடிந்த மறுநாள், அக்கா வகுப்புக்கு வந்து நின்றார்.

"எனக்கு எழுதிக் காட்ட இனி ஆளில்ல டீச்சர்."

"அப்ப ஏன்க்கா வந்தீங்க?"

"வீட்டுல சத்தமே இல்ல. இங்கன வந்தா ஆனா ஆவன்னான்னாச்சும் வாயத் தொறக்கலாம்ல."

பெரியோர்களே! வருவது ஒருவர்தானே, வகுப்பை மூடிவிடலாம் என்று இந்த அவையில் ஒரு யோசனை இருப்பதாக அறிகிறேன். ஒருத்திக்காக ஒரு வகுப்பா? ஆம், ஒருத்திக்காகத்தான்! ஒரு நெடில் தெரியாததால் ஒரு கணவரின் ஆசை ஓர் இரவு முழுதும் ஊமையாய்க் கிடந்ததே! அந்த ஓர் இரவை எவர் திருப்பித் தருவார்? எந்தக் கணக்கு ஈடு செய்யும்?

தலைவர் தலையசைக்கிறார். அது ஆமாவா, இல்லையா என்று கேட்டு நான் நிற்கப் போவதில்லை. நாளை மாலையும் கதவைத் திறப்பேன். எங்கள் இருவருக்கும் ஏகாரமும் ஓகாரமும் பாக்கி இருக்கின்றன.

இதுவரை என் குரலுக்குச் செவியாய் இருந்த உங்கள் அனைவரையும் நன்றியோடு கைகூப்பி வணங்குகிறேன்.