ஏழாம் சேனல்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. குறையாகச் சொல்லவில்லை. வாயில் பட்டது, சொன்னேன்.

என் வேலை சின்ன வேலை. வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் பேசும் வயர்லெஸ் செட்டுகளுக்குச் சேனல் வைத்துக் கொடுப்பேன். பேட்டரிக்குக் கீழே நாலு குட்டி சுவிட்சு இருக்கும், எறும்புக்குப் பல் முளைத்த மாதிரி. அதை மேலே கீழே தள்ளினால் சேனல் மாறும். ஜோடி செட் இரண்டிலும் ஒரே எண் இருந்தால் பேச்சு வரும், இல்லாவிட்டால் ஊமை. வைத்த எண்ணையும் தேதியையும் ஸ்டிக்கரில் எழுதி மூடிக்குள்ளே ஒட்டிவிடுவேன். தொழிலில் நான் சுத்தம்.

பக்கத்து வீட்டுக்கு ஏழு. மாடியில் மாமனார், ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர். அந்தத் தொண்டைக்குத் தெருவே வைத்த பெயர் சைரன். இப்போது ஊன்றுகோலோடு நடை. கீழே மருமகள், தையல்காரி. மெஷின் ஓடினால் சைரனே ஊதினாலும் அவளுக்குக் கேட்காது. மகன் பகல் முழுக்க பஸ் ஓட்டுகிறான். அதனால் அவர் கழுத்தில் ஒரு செட், அவள் மெஷின் பக்கத்தில் ஒரு செட். மூன்றாவதாக ஒன்றையும் ஏழிலே வைத்து, என் சமையலறை டப்பாக்களுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். சோதனைக்கு.

அவர்கள் இருவருக்கும் ஆகவே ஆகாது என்று தெருவில் நான் முன்பே சொல்லியிருந்தேன். மாமனாரும் மருமகளும் ஒரு வீட்டில் இருந்தால் வேறென்ன இருக்கும்? ஆனால் செட்டில் வந்தது இது:

"அம்மாடி, என் கண்ணாடியப் பாத்தியா?"

"நெத்தியத் தடவுங்க மாமா."

"அட, இங்க யாரு வச்சா?"

"நான்தான். சூனியம் வச்சேன்."

உடனே இருவருக்கும் ஒரு சிரிப்பு. இரண்டு வாரம் கேட்டேன், ஐயா, ஒரு முணுமுணுப்புகூட இல்லை. எதிர்வீட்டு இஸ்திரிக்காரி வேறு, "என்னக்கா, இன்னுமா சண்டை வரல?" என்று இளிக்கிறாள். சொன்ன சொல்லுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

பேட்டரி பார்க்கிறேன் என்று போய், மருமகள் செட்டை ஆறுக்கு மாற்றினேன். ஒரே ஒரு சுவிட்சு.

அவர் கூப்பிட்டார், அவள் வரவில்லை. அவள் ஏதோ கேட்டாள், அவர் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் என்னை மாடிக்கு வரச் சொன்னார்.

"ஏம்மா, செட்டு ரிப்பேரா?"

திறந்து பார்த்தேன். "நல்லாத்தான் இருக்கு. நீங்க பேசறது கேட்குது" என்றேன். பொய்யில்லை. என் சமையலறையில் கேட்டது.

செட்டை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "அப்ப வேணும்னேதான் வரல" என்றார். சைரன் அவ்வளவு மெல்ல ஊதி நான் கேட்டதில்லை.

மறுநாள் நடந்த சண்டைக்குச் செட்டே தேவைப்படவில்லை. "கூப்பிடவே இல்ல மாமா!" "பொய் சொல்லாத!" தெருவே வாசலில் நின்றது. "நீங்க சொன்னா சொன்னதுதான்க்கா" என்றாள் இஸ்திரிக்காரி.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். டப்பாக்களுக்குப் பின்னால் குரல். "அம்மாடி, வழுக்கி விழுந்துட்டேன். எந்திரிக்க முடியல." கொஞ்சம் கழித்து, "கோவத்த அப்புறம் வச்சுக்கலாம், வாம்மா." அப்புறம், "யாராவது இருக்கீங்களா?"

இருந்தேன். ஆனால் பட்டனை அமுக்கிப் பதில் சொன்னால், மூன்றாவது செட்டு ஏது என்பார்கள். ஓடிப்போய்க் கதவைத் தட்டினால், உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், ஐயா. எனக்கு அதெல்லாம் பிடிக்காது. சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டேன்.

பத்து நாற்பதுக்கு மருமகள் துணி காயப்போட மாடி ஏறினாள். அதற்குள் அவர் மூச்சு நின்றிருந்தது. காதில் வாங்கியும் வாங்காத மாதிரி இருந்துவிட்டாள் என்று கட்டிய புருஷனே அவளைச் சொல்கிறான். நீங்கள்தான் அவள் செட்டின் மூடியைத் திறந்தீர்கள். ஆறு, தேதி, என் கையெழுத்து. இன்னொருத்தியாக இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கவே மாட்டாள்.

வாக்குமூலத்தின் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள். பெரியவர் நாற்பது நிமிடம் தனியாகக் கிடந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. கடைசிவரை நான் அவர் கூடவே இருந்தேன்.